தூக்கத்துக்கு மார்க்கு

வாலே பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. மூஞ்சி என்னலே இப்பிடிக் கெடக்கு? கஞ்சியில முக்கிக் காயப்போட மறந்த வேட்டி மாதிரி? என்னது, மத்தியானமானா கண்ணு சொருகுதா? மீட்டிங்ல தலை தொங்குதா? அதுக்குத்தான் கையில அந்த மோதிரமா?

நாங்கூட எவனோ பொண்ணு வீட்டுக்காரன் போட்டதுன்னுல்ல நெனச்சேன். கேட்டா, தூக்கத்த அளக்குற மோதிரங்கே. பால அளக்கலாம், நெலத்த அளக்கலாம். தூக்கத்த எந்தப் படியில போட்டு அளக்கிறது? விடிஞ்சு எந்திரிச்சதும் போனைப் பாத்துத்தான், நேத்து நல்லாத் தூங்குனமா இல்லையான்னே நீ தெரிஞ்சுக்கிடுறே. பந்தியில சாப்பிட்டு எந்திரிச்சவன், பக்கத்து எலைக்காரன்கிட்ட "அண்ணாச்சி, எனக்கு வயிறு ரொம்பிருச்சா?"ன்னு கேட்ட கதையால்ல இருக்கு!

போன பொங்கலுக்கு மூத்தவன் மகன் வந்தப்ப, அவன் மோதிரத்த ஒரு ராத்திரி நான் வாங்கி மாட்டிப் பாத்தேன். காலையில 61 மார்க்குன்னான். பள்ளிக்கூடத்துல கணக்குல கூட எனக்கு இம்புட்டு விழுந்ததில்ல. சந்தோசமாப் போயி ஒரு டீ கூடுதலாக் குடிச்சேன். அந்தப் பயலுக்கு முந்தின நாள் 58. ராத்திரி பூரா கொறட்ட விட்டவன், மார்க்கப் பாத்த பெறகு சோந்து போயி மூலையில உக்காந்துட்டான். தூங்கி எந்திரிச்சப்ப வராத களைப்பு, நம்பரப் பாத்ததும் வந்துருச்சு! இப்பிடி மார்க்குக்குக் கவலப்பட்டே தூக்கத்தத் தொலைக்கிற கூட்டம் பெருகிப் போச்சுன்னு, 2017-ல அமெரிக்காவுல ஆராய்ச்சிக்காரங்க அதுக்கு ஆர்த்தோசோம்னியான்னு ஒரு பேரே வச்சிட்டாங்களாம். ஏம் பேத்தி நர்சு படிச்சவ, அவ சொன்னா. பேரு வாயில நுழைய எனக்கு மூணு நாளாச்சு.

தூக்கத்தப் பத்தி புத்தி சொல்ல இந்தக் கெழவனுக்கு என்ன யோக்கியதன்னு நீ நெனைக்கலாம். முப்பது வருசம் தீப்பெட்டி லோடு அடிச்சவன்லே நான். கோவில்பட்டியில ஏத்துனா நாக்பூர்ல எறக்கணும். இப்ப 44-ங்கிற ரோட்டுக்கு அப்ப 7-ன்னு நம்பரு. மதுர, சேலம், பெங்களூரு, ஐதராபாத்னு ஒரே ரோடு. முழிச்சிருக்கிறதுக்குன்னு நாங்க பண்ணாத கூத்தா? பச்ச மொளகாயக் கடிச்சிருக்கோம். கண்ணுக்குக் கீழ தலவலித் தைலத்தத் தேச்சிருக்கோம். பீடிக்கு மேல பீடி. சன்னலத் தெறந்து மூஞ்சியில காத்து வாங்குறது. டேப்புல பாட்ட அலறவிட்டு, அதுக்கு மேல நாங்க அலறுறது. 1961-லயே சட்டம் போட்டிருக்காம், மோட்டார்த் தொழிலாளி ஒரு நாளைக்கு 8 மணி நேரந்தான் வேல பாக்கணும்னு. நல்ல சட்டம். எங்க லாரிக்கு முன்னாடி மட்டும் அது கை காட்டி நின்னதில்ல.

ஒரு தடவ, 84-ஆ 85-ஆன்னு நெனவில்ல. நாக்பூர்ல இருந்து ஆரஞ்சு லோடு. ரெண்டு ராத்திரி சேந்தாப்புல கண்ணசரல. சாத்தூர் பாலம் தாண்டியாச்சு. மணி நாலு இருக்கும். வீடு கிட்டக்க வந்துட்டா மாட்டுக்கு நட கூடும்பாக. மனுசனுக்குத் தூக்கம் கூடும். கண்ணு தெறந்துதாம்லே இருக்கு. ஆனா ரோட்டோரத்துப் புளியமரம் ஒண்ணு, இடுப்புல வெள்ளையும் கருப்பும் பட்டை கட்டிக்கிட்டு, என்னப் பாத்து நடந்து வருது. "வாரும், வாரும்"னு நான் அதுக்கு வழி விட்டுக்கிட்டிருக்கேன். கிளீனர்ப் பய தோள்ல விட்ட குத்துலதான் முழிச்சேன். ஸ்டியரிங்க ஒடிச்சேன். மரத்துக்கும் எங்களுக்கும் ஒரு முழம். பொறகு ரெண்டு பேரும் எறங்கி, வண்டிக்குக் கீழ தார்ப்பாயை விரிச்சு ஒரு மணி நேரம் தூங்குனோம். லோடு லேட்டுன்னு மொதலாளி வஞ்சாரு. வஞ்சுட்டுப் போறாரு, கேக்குறதுக்குக் காது இருந்துச்சுல்ல?

60-ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடும். மூணு செகண்டு கண்ணு சொருகுனா 50 மீட்டரு, ஓட்ட ஆளில்லாத வண்டி. ஒனக்கு மீட்டிங்ல தலை தொங்குனா மேசைதான் இடிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு அதே தலையோட பைக்க எடுத்துக்கிட்டு பைபாஸ்ல போறே பாரு, அங்கதாம்லே எனக்கு வயித்தக் கலக்குது.

நாங்க மொளகா கடிச்சுக் கண்ட பாடத்த, இங்கிலாந்துல லஃப்பரோ யுனிவர்சிட்டியில ஹார்ன், ரெய்னர்னு ரெண்டு பேரு 1990-கள்ல பொம்மக் கார் வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. தூக்கங் கெட்ட ஆளுகள அதுல உக்கார வச்சு ஓட்டச் சொன்னாங்களாம். மூஞ்சியில குளுந்த காத்து, ரேடியோப் பாட்டு ரெண்டும் கொஞ்ச நேரத்துக்கு மேல ஒழுங்காத் தாங்கல. காப்பி தாங்குச்சு. கால் மணி நேரத் தூக்கம் தாங்குச்சு. ரெண்டும் சேந்தா இன்னும் நல்லாத் தாங்குச்சு. காப்பியக் குடிச்சிட்டு ஒடனே படுத்துரணுமாம். அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும்ல, அதுக்குள்ள இவன் ஒரு கோழித் தூக்கம் போட்டு எந்திரிச்சிருவான். நானும் தெரியாமக் கேக்கேன், திண்டிவனம் பக்கம் டீக்கடை பெஞ்சுல லாரிக்காரன் டம்ளரக் கீழ வச்சிட்டு அப்பிடியே சாயுறதப் பாத்து ஒரு பய பட்டம் குடுத்திருக்கானா?

காப்பி எப்பிடி முழிக்க வைக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா மூணு வகைக் கொட்டையும் அதுக்கு ஒரு தராசும் வாங்கி வச்சிருப்பே. கேளு. நீ முழிச்சிருக்க முழிச்சிருக்க, மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துக்கிட்டே வரும். அதுக்குன்னு அங்க சீட்டு இருக்கு. அது போயி உக்கார உக்காரத்தான் ஒனக்குக் கொட்டாவி. காப்பி என்ன பண்ணுது? பஸ் ஸ்டாண்டுல, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே சன்னல் வழியாச் சீட்டுல துண்டப் போடுறான்ல, அந்த வேலையத்தான் பண்ணுது. சீட்டு காலியாத்தான் இருக்கு, உக்கார முடியாது. கூட்டம் கொறஞ்சுதா? கொறையல. படிக்கட்டு வரைக்கும் நெருக்கிக்கிட்டு நிக்குது. துண்ட எடுத்தவுடனே அம்புட்டும் ஒரே தள்ளாத் தள்ளி உக்காரும். அதாம்லே நாலு மணிக்கு நீ அப்பிடியே சாயுறே.

சாஞ்சவன் சும்மா இருக்கியா? இன்னொரு துண்டு போடுறே. நாலு மணிக்குக் குடிச்ச காப்பியில பாதி, ராத்திரி ஒம்போது பத்து மணிக்கும் ஒடம்புலதான் இருக்கும். அது பாதியாகவே அஞ்சாறு மணி நேரம் புடிக்கும். "எனக்கு ஒண்ணும் பண்ணாது தாத்தா, படுத்தாத் தூங்கிருவேன்"பே. தூங்குவே. மேலாப்புலதான் மெதப்பே, அடியில போகமாட்டே. காலையில எந்திரிச்சா மோதிரம் மார்க்கக் கொறைக்கும். அதுக்கு ஒரு காப்பி. செக்குமாடு கூட சாயங்காலமானா அவுத்து விட்டுருவாகலே!

அந்தத் தகர டப்பா ஒண்ணு குடிக்கிறியே, றெக்கை மொளைக்கும்னு. எம்புட்டுக் கஃபீன்னு அதுலயே எழுதியிருக்கு. நல்ல ஸ்ட்ராங்கான ஒரு காப்பியில இருக்கிறதுதான். மிச்சத்துக்குச் சீனித்தண்ணி. நூறு ரூவாய்க்கு மேல குடுத்து வாங்குறே. கடைக்காரனுக்குத்தான் றெக்கை மொளைக்கும்.

நான் என்னமோ காப்பிக்கு வைரின்னு நெனச்சிராத. அந்தக் காலத்தில் காப்பி இல்லைன்னு வேங்கடாசலபதி ஒரு புத்தகமே போட்டிருக்காரு. காப்பி வந்து பழைய சோத்தையும் நீராகாரத்தையும் வெரட்டிருச்சுன்னு நம்ம பெருசுக ஒருகாலத்துல பொலம்பித் தீத்திருக்காக. எங்கப்பாவும் பொலம்புனாரு, டம்ளரக் கையில வச்சிக்கிட்டே. நாஞ் சொல்றது இம்புட்டுத்தான். காலையில குடி, பத்து பதினோரு மணிக்கு ஒண்ணு குடி, மத்தியானத்துக்கு மேல வாயக் கட்டு. சோத்தத் தின்ன கையோட டீ குடிக்காத; அது சோத்துல உள்ள இரும்புச்சத்த ஒடம்புல ஒட்ட விடாது. முருங்கக்கீரையத் தின்னுட்டு மேல டீய ஊத்துறது, வெதச்சவனே கோழியத் தெறந்து விட்ட மாதிரி.

சரி, மத்தியானத் தூக்கத்துக்கு வருவோம். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டுன்னு சொல்லிச் சொல்லி, பாவம், சோத்து மேலயே அம்புட்டுப் பழியையும் போட்டுட்டோம். சோறு திங்காம இருந்தாலும் ரெண்டு மணி வாக்குல மனுசனுக்கு ஒரு தொய்வு வரத்தான் செய்யும். ஒடம்புக்குள்ள கடிகாரம் ஒண்ணு ஓடுது. அது எப்பிடி ஓடுதுன்னு பழ ஈயை வச்சுக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. ஹால், ரோஸ்பாஷ், யங். வருசம் அதே 2017. தூக்கத்துக்குக் கவலப்படுற நோய்க்குப் பேரு வச்சதும் அந்த வருசந்தான், தூங்க வைக்கிற கடிகாரத்துக்குப் பரிசு குடுத்ததும் அந்த வருசந்தான்.

சோறு என்ன பண்ணும்னா, எறக்கத்துல போற வண்டியப் பின்னாலிருந்து தள்ளி விடும். பாய் கடையில பிரியாணிய அமுக்கிட்டு, மேல ஒரு சோடாவ ஊத்திட்டு, "ஏன் தாத்தா தூக்கம் வருது?"ன்னு எங்கிட்ட வந்து கேக்காத. பிரியாணிகிட்டக் கேளு.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறது காலை வெயிலு. நீ வெயிலப் பாத்து எத்தன நாளாச்சு? சன்னலுக்குத் திரை, காருக்குக் கருப்புக் கண்ணாடி, ஆபீசுக்குள்ள டியூப்லைட்டு. ராத்திரியானா மட்டும் மூஞ்சிக்கு நேரா ஒரு வெளக்கத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுப் படுக்கிறே. கடிகாரம் பாவம் என்ன செய்யும்? பகல ராத்திரிங்கும், ராத்திரியப் பகலுங்கும். நம்ம ஊர்ல காலையில ஆட்டப் பத்திக்கிட்டுப் போறவன் ஒருத்தனையாவது, தூக்கம் வரலன்னு டாக்டர்கிட்டப் போய் நின்னு பாத்திருக்கியா? அவன் நிக்கிறதெல்லாம் முட்டுவலிக்குத்தான்.

மத்தியானம் படுக்கிறதுக்கும் ஒரு நேக்கு இருக்கு. இருவது நிமிசம். அதுக்கு மேல போனா ஆழத்துக்கு எறங்கிருவே. அங்கேருந்து எவனாவது எழுப்புனா, கெணத்துல விழுந்தவனத் தூக்கி வெளிய போட்ட மாதிரி முழிப்பே. வாய் கோணும், இது காலையா சாயங்காலமான்னு தெரியாது, எழுப்புனவனோட சண்டைக்குப் போவே. அதனாலதான் நம்மாளுக மெத்தையில படுக்கல. இந்தத் திண்ணைத் தரை இருக்கு பாரு, குளுமையா இருக்கும், ஆனா சொகமா இருக்காது. தலைக்கு இந்த மனைப்பலகை. கால்மணி நேரத்துல காது வலிக்க ஆரம்பிச்சிரும், தானா எந்திரிச்சிருவே. அலாரம் கெடையாது, மோதிரங் கெடையாது. அமெரிக்காவுல நாசாக்காரங்க, நெடுந்தூரம் பிளேன் ஓட்டுற பைலட்டுகள, பக்கத்துல இன்னொருத்தர ஓட்ட விட்டுட்டு, 40 நிமிசம் தூங்கிக்கோங்கன்னாங்களாம். சராசரியாப் பாத்தா 26 நிமிசம் தூங்கினாங்க. அவ்வளவுதான். தூங்காதவங்கள விட இவங்க தெளிவா இருந்து எறக்குனாங்க.

2022-ல பெங்களூருல மெத்தை விக்கிற கம்பெனி ஒண்ணு, மத்தியானம் 2 மணியில இருந்து 2:30 வரைக்கும் வேலைக்காரங்க தூங்கலாம்னு அறிவிச்சுது. பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. பாராட்டாம இருக்க முடியுமா? நல்ல காரியம். ஆனா எங்க கொத்தனாரு நாப்பது வருசமா வேப்பமரத்து நெழல்ல அத அனுபவிச்சிக்கிட்டிருக்காரு. அவரு போட்டோ எந்தப் பேப்பர்லயும் வரல. வந்தது ஒரே ஒரு தடவ, வேல நேரத்துல தூங்குறாருன்னு வீட்டுக்காரர் வாட்சப்புல போட்டாரு.

ஒங்க மேனேஜர் ஒரு நாளைக்கு நாலு மணி நேரந்தான் தூங்குவாராமே? பெருமையாச் சொன்னே. எடிசன் கூட அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஆனா அவரு லைப்ரரிக்குள்ளயே ஒரு கட்டில் கெடக்கும், மத்தியானத்துக்கு. லட்சுமணன் பதினாலு வருசம் தூங்கலன்னு கதை சொல்வாக. தூங்கலதான். அவன் தூக்கத்தையும் சேத்து வீட்டுல ஊர்மிளை தூங்குனாளாம். ஒங்க மேனேஜருக்கு யாருலே தூங்குறா? நீயா? அப்பச் சரிதான், ஒனக்கு மத்தியானம் கண்ணு சொருகுறதுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது.

இம்புட்டு நேரம் சிரிச்சுக்கிட்டே பேசுனேன். இது ஒண்ண மட்டும் காதக் குடுத்துக் கேளு. தூக்கம் வேற, அசதி வேற. ஏழு மணி நேரம் ஒழுங்காத் தூங்கியும் பகல்ல ஒருத்தன் விழுந்து விழுந்து போனான்னா, அங்க புத்திமதி எடுபடாது.

எம் மச்சினன் இருந்தான். பந்தியில எலை போட்டுச் சோறு வர்றதுக்குள்ள தூங்கிருவான். சவரக் கத்தி தொண்டையில இருக்கும்போது தூங்கிருவான். நாங்க எல்லாரும் கும்பகர்ணன்னு பேரு வச்சு முப்பது வருசம் சிரிச்சோம். ராத்திரி அவன் விடுற கொறட்டைக்கு ஓட்டுல குருவி தங்காது. அந்தக் கொறட்ட நடுநடுவுல டக்குனு நின்னு போகும். "அப்பாடா"ன்னு நாங்க திரும்பிப் படுப்போம். அவன் மூச்சும் சேந்துல்ல நின்னிருக்கு! தொண்டை தளந்து வழிய அடச்சுக்கிடும். பத்து செகண்டு, அதுக்கு மேலயும். மூளை பதறி எழுப்பி விடும், அவனுக்கே தெரியாது. இப்பிடி ஒரு மணி நேரத்துல முப்பது நாப்பது தடவ. ராத்திரி பூரா முழிச்சவன் பகல்ல தூங்காம என்ன பண்ணுவான்? பேத்திதான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. காத்த அழுத்தி விடுற மிஷினு ஒண்ணு, மூக்குல மாட்டிக்கிட்டுப் படுக்கணும். 1981-ல சிட்னியில கோலின் சல்லிவன்னு ஒரு டாக்டரு கண்டுபிடிச்சது. மொத நாளு மாட்டிக்கிட்டு யானைக்குட்டி மாதிரி இருந்தான். பத்தாம் நாளு ஆளே மாறிட்டான். சீட்டாட்டத்துல இப்ப அவன ஏமாத்த முடியல. அந்த ஒரு நட்டந்தான் எனக்கு.

ரெண்டாவது மருமக. கல்யாணமாகி வந்ததுல இருந்தே ஒரு கொடந் தண்ணி தூக்குனா உக்காந்திருவா. ஒங்க அப்பத்தா "சோம்பேறி வந்து வாச்சா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. ரத்தத்தச் சோதிச்சுப் பாத்தா 12 இருக்க வேண்டிய எடத்துல 7.8. அந்தப் பிள்ள இம்புட்டு நாளு நடமாடுனதே பெரிசு. 2019-21ல தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு எடுத்தப்ப, தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுக்குள்ள உள்ள பொம்பளைகள்ல 53.4 சதவீதத்துக்கு ரத்தசோகை. பாதிக்கு மேலலே. நம்ம தெருவுல எத்தன பேர அசமந்தம்னு வஞ்சிருப்போம்னு விரல விட்டு எண்ணிப் பாத்தேன். ரெண்டு கையும் பத்தல. அப்பத்தா அன்னையில இருந்து அவளுக்குத் தனியாக் கீரை வதக்குதா. மன்னிப்புன்னு வாயால ஒண்ணும் கேக்கல. கீரை மட்டும் வருது.

ஒனக்கும் சக்கரை, தைராய்டு, ரத்தம் எல்லாத்தையும் ஒருதடவ பாத்துரு. மோதிரத்துக்குக் குடுத்த காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. கொறட்ட விடுறியான்னு கூடப் படுக்கிற ரூம்காரன்கிட்டக் கேளு. அவன் ரொம்ப நாளாச் சொல்லக் காத்துக்கிட்டிருப்பான்.

மணி என்ன ஆச்சு? ரெண்டா? பேசிக்கிட்டே சாச்சுப்புட்டியே என்னய. அந்தத் தூணோரம் ஏம் எடம், நகரு. நீ வேப்பமரத்தடியில கயித்துக் கட்டிலப் போட்டுக்கோ. மோதிரத்தக் கழட்டி அந்தா மாடக்குழியில வையி. பூனை கீனை தட்டி விட்டுறாது. முன்னாடி எந்திரிக்கிறவன் மத்தவன எழுப்பணும். எழுப்பும்போது சத்தங் குடுக்காத, காலத் தொட்டு எழுப்பு. புளியமரம்னு நெனச்சு ஒடிச்சுப்புடுவேன்.